புல்லாங்குழல் கச்சேரியைப் பாராட்டி எழுதுவது எப்படி?

‘வேணுகானம் தேனாய்ப் பாய்ந்தது’, ‘மூங்கில் பேசியது’, ‘மாயக் கண்ணனே வந்து ஊதியதுபோல் இருந்தது’. குழல் கச்சேரி விமர்சனங்களில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத விமர்சனம் அபூர்வம். எதுவும் பொய்யில்லை, கேட்டவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் கலைஞரின் பெயரை அடித்துவிட்டு வேறொரு வித்வானின் பெயரை எழுதினாலும் அந்த வரி அப்படியே நிற்கிறது. படிப்பவருக்கு அன்றைய மாலையில் என்ன நடந்தது என்று தெரிவதில்லை. வாசித்தவருக்கும் தன் உழைப்பில் எது போய்ச் சேர்ந்தது என்று தெரிவதில்லை.

உருப்படியான பாராட்டில் மூன்று விவரம் இருக்கும்: எந்த இடம், அங்கே என்ன செய்தார், அதைக் குழலில் செய்வது ஏன் பெரிய விஷயம். மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதை எழுத வாத்தியத்தைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் வாத்தியம்.

குழலில் எது கடினம்?

கர்நாடகக் குழலில் ஊதும் துளை நீங்கலாக விரல் துளைகள் 8. கடைசித் துளையைப் பெரும்பாலும் திறந்தே விட்டுவிடுவார்கள். ஊதும் துளைக்கு அருகிலுள்ள முதல் இரண்டு துளைகளை மூடினால் சட்ஜம் (ஆதார ‘ஸ’). மற்றவற்றையும் வரிசையாக மூடி மெல்ல ஊதினால் மந்தர பஞ்சமம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே அதே குழலில் இடம் மிகக் குறைவு. மொத்த வீச்சு ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை ஒரு ஸ்தாயி; கீழுள்ளது மந்தரம், மேலுள்ளது தாரம்). வாய்ப்பாட்டில் மந்தர சட்ஜம் வரை இறங்கும் சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை) குழல்காரர் மேல் ஸ்தாயிக்கு மடித்துத்தான் வாசிக்க முடியும். அந்த மடிப்பு எங்கே நிகழ்ந்தது என்றே தெரியாதபடி வாசித்தால் அது பாராட்ட வேண்டிய இடம். ‘கீழ் ஸ்தாயியில் போதிய சஞ்சாரம் இல்லை’ என்று எழுதுவதற்கு முன் வாத்தியத்தில் அந்த இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சுருதிக்கென நீளமான இன்னொரு குழலைச் சிலர் கூடவே கொண்டுவருவது இதனால்தான்.

அடுத்தது மூச்சும் சுருதியும். காற்றின் வேகம் குறைந்தால் சுரம் தாழும். கூடினால் ஏறும், அளவு மீறினால் மேல் ஸ்தாயிக்கே தாவிவிடும். ஒரு கார்வையை (நீட்டி நிறுத்தும் சுரத்தை) மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து முடிக்கும்போது சுரம் இறங்காமல் நிற்க வேண்டுமென்றால், காற்று குறையக் குறைய உதட்டின் திறப்பையும் ஊதும் கோணத்தையும் நூலிழை அளவு மாற்றிக்கொண்டே வர வேண்டும். கேட்பவர் காதில் இது ‘அமைதி’ என்று மட்டும் விழும். விமர்சகர் எழுத வேண்டியது: ‘தார சட்ஜக் கார்வை ஏறக்குறைய ஓசையே இல்லாத அளவுக்குத் தேய்ந்தது, தம்புராவிலிருந்து கடைசிவரை விலகவில்லை.’ இந்த ஒரு வாக்கியம் ‘சுருதி சுத்தம்’ என்று பத்து முறை எழுதுவதற்குச் சமம்.

மூன்றாவது கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் ஒலிப்பது. வீணையிலும் வயலினிலும் தந்தி தொடர்ச்சியாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். குழலில் இருப்பது தனித்தனித் துளைகள். துளையைப் பாதி மூடுவதும், விரலை உருட்டுவதும், உதட்டால் காற்றைத் திருப்புவதும் சேர்ந்துதான் தொடர்ச்சி என்ற உணர்வே உண்டாகிறது. பரவலாகப் பழக்கத்தில் உள்ள விரல் முறைப்படி எல்லாத் துளைகளும் திறந்திருந்தால் அந்தர காந்தாரம். சுத்த மத்திமத்துக்கு முதல் துளையைத் திறந்து, கடைசித் துளை நீங்கலாக மற்றவை மூடப்படும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரே நொடியில் ஆறு விரல்கள் இறங்க வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் இடையில் வேறொரு சுரம் ‘க்ளிக்’ என்று தலைகாட்டும். சகானா, பேகடா ராகங்களில் கா–மா போக்குவரத்து வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருந்தால், அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். தோடியின் சாதாரண காந்தாரத்துக்கு முதல் துளையைப் பாதி மூட வேண்டும். அந்தப் பாதியிலிருந்து மத்திமத்தின் சாயல் வரை அசைத்தால்தான் தோடி தோடியாக ஒலிக்கும். குழலில் தோடியை மெயினாக (கச்சேரியின் பிரதான உருப்படியாக) எடுப்பவரின் முதல் இரண்டு நிமிடத்தைக் கண் கொட்டாமல் கவனிக்க வேண்டியது இதற்காக.

நான்காவது சொல். குழலில் வார்த்தை கிடையாது, ஆனால் கிருதி சாகித்யத்தோடு (பாடல் வரிகளோடு) பிறந்தது. நாக்கால் காற்றைத் தட்டி நிறுத்தி எழுத்துகளைப் பிரிப்பதைத் துத்துகாரம் என்பார்கள். எல்லா எழுத்துக்கும் தட்டினால் தந்தி அடித்த மாதிரி ஆகிவிடும். எங்குமே தட்டாவிட்டால் பாட்டு கரைந்து சுர வரிசையாகிவிடும். வல்லெழுத்தில் தட்டி, மெல்லெழுத்தில் காற்றை ஓடவிட்டு, சொல் முடியும் இடத்தில் மட்டும் மூச்செடுப்பவர் சாகித்யம் தெரிந்து வாசிக்கிறார் என்று அர்த்தம். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு விழுந்தால் பாட்டைத் தெரிந்த யாருக்கும் அது உறுத்தும்.

போவதற்கு முன்

தம்புரா செயலியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஏதாவது ஒரு குழல் பதிவைக் கேளுங்கள். காது சுருதிக்குத் தயாராகும். அன்று வாசிப்பவரின் பழைய பதிவு ஒன்றைக் கேட்பது நல்லது. அன்று புதிதாக என்ன செய்தார் என்று சொல்ல அது உதவும். ஆனால் இரண்டு மூன்று கேட்டுவிட்டுப் போனால் கச்சேரியைக் கேட்காமல் பதிவோடு ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். ஒன்று போதும்.

இடம் முக்கியம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேடை ஒலிபெருக்கியும் மிருதங்கமும்தான் கேட்கும். அரங்கின் நடுப்பகுதியில், இரு பக்க ஒலிபெருக்கிக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குழலுக்கு மைக் ஊதும் துளைக்கு மிக நெருக்கமாக இருந்தால் ‘ஸ்’ என்ற காற்றுச் சத்தம் பெரிதாகும். எக்கோவைக் கூட்டி வைத்திருந்தால் சுர முடிவுகள் ஒன்றோடொன்று கலந்து, துத்துகாரம் மறைந்துபோகும். இவை இரண்டும் ஒலி அமைப்பாளர் பொறுப்பு. ‘வாசிப்பில் தெளிவு இல்லை’ என்று கலைஞர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம் அநேகமாக யாரும் எழுதுவதில்லை. குளிரூட்டிய அரங்கில் குழல் முதலில் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும், பிறகு மூச்சின் சூட்டில் ஏறும். மூங்கில் நீள்வதாலோ சுருங்குவதாலோ இது நடப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடுவதுதான் காரணம். உள்காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடானால் ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். மின்னணுத் தம்புராவோ அசையாமல் நிற்கும். வர்ணத்தின் முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் சிறு விலகல் இருந்து, கலைஞர் குழலை லேசாக உள்ளே வெளியே திருப்பிச் சரி செய்துவிட்டால் அது குறையாகாது. அரை மணிக்குப் பிறகும் விலகல் தொடர்ந்தால் அப்போது எழுதலாம்.

கேட்கும்போது

சிறிய நோட்டு, பென்சில். கைபேசியில் தட்டச்சு செய்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், உங்கள் காதும் பாதி போய்விடும். முழு வாக்கியம் எழுதாதீர்கள். இப்படி இருந்தால் போதும்:

6.42 – தோடி – கா அகலம் ஒவ்வொரு முறையும் வேறு – பா தொடவில்லை
6.49 – பா! வயலின் கூட நின்றது
6.51 – தார ஸ்தாயி, பிர்கா, கொஞ்சம் அவசரம்?

கேள்விக்குறி போட்ட இடங்களை எழுதும்போது மறுபடி யோசியுங்கள். ஆச்சரியக்குறி போட்ட இடங்கள்தான் உங்கள் விமர்சனம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் உண்மையான ஆச்சரியக்குறி நான்கைந்துக்கு மேல் வராது. பதினைந்து வந்திருந்தால் நீங்கள் கேட்பதை விட்டுவிட்டுக் கொண்டாட ஆரம்பித்துவிட்டீர்கள்.

தாளத்தைக் கையில் போடுங்கள். கல்பனாசுரத்தில் (மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் சுரங்களில்) எடுப்புக்கு (பாட்டு வரி தொடங்கும் தாள இடத்துக்கு) எப்படி வந்து சேர்ந்தார், கோர்வை (முடிவுக் கணக்கு) எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று), குறைப்பில் (மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வருவதில்) வயலினுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதெல்லாம் கையில் தாளம் இல்லாமல் தெரியாது. கணக்கு முழுவதும் பிடிபடாவிட்டால் ‘சிக்கலான கோர்வை’ என்று சமாளிக்க வேண்டாம். வந்து விழுந்த இடம் எடுப்பில் துல்லியமாக இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள், அது உண்மை.

ராகத்தை உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். வாய்ப்பாட்டில் சொல்லைக் கேட்டுப் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம், குழலில் அந்த வசதி இல்லை. நிறையப் பேர் மேடையில் அறிவிப்பதும் இல்லை. ஆரபி–தேவகாந்தாரி, தர்பார்–நாயகி, பைரவி–மாஞ்சி ஜோடிகளில் ஒன்றை மற்றொன்றாக எழுதினால் மீதி நானூறு சொல்லையும் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் கச்சேரி முடிந்ததும் வயலின்காரரையோ மிருதங்கக்காரரையோ கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

எழுதும்போது

நானூறு முதல் ஐந்நூறு சொல் கிடைத்தால் அதில் பாதியை ஒரே உருப்படிக்குக் கொடுங்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை வாசித்ததையெல்லாம் வரிசையாகக் குறிப்பிடுவது கச்சேரிப் பட்டியல். அதை அமைப்பாளர்கள் ஏற்கெனவே ஒட்டியிருப்பார்கள். மெயின் சரியாக அமையவில்லை, நடுவில் வந்த சின்ன ஆபோகிதான் மனதில் நின்றது என்றால் தயங்காமல் ஆபோகியில் தொடங்குங்கள்.

வெறும் பாராட்டு எப்படி உருப்படியாகிறது என்பதற்குச் சில மாதிரிகள்.

முதல் வரைவு: ‘தோடி ஆலாபனை மிக அருமை. ரசிகர்கள் மெய்மறந்தனர்.’

திருத்திய வரைவு: ‘தோடியில் முதல் ஏழு நிமிடம் காந்தாரத்தைச் சுற்றியே இருந்தார். ஒவ்வொரு முறையும் அசைவின் அகலம் வேறு. அதுவரை பஞ்சமத்தைத் தொடாமல் தள்ளிப்போட்டுவிட்டு, தைவதத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்கி அதில் நின்றபோது வயலினும் கூடவே நின்றது.’

இரண்டாவதில் ‘அருமை’ என்ற சொல்லே இல்லை. படிப்பவரே அதைச் சொல்லிக்கொள்வார்.

முதல் வரைவு: ‘நிரவலில் சாகித்யம் தெளிவாக ஒலித்தது.’ (நிரவல் என்பது ஒரே வரியை விதவிதமாக விரித்து வாசிப்பது.)

திருத்திய வரைவு, கரகரப்ரியாவில் தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’ வாசித்திருந்தால்: ‘“கண்டிகி சுந்தர” என்ற வரியில் “கண்டிகி”யின் வல்லெழுத்துகளில் மட்டும் நாக்கு தட்டியது, “சுந்தர”வில் காற்று தடையில்லாமல் ஓடியது. இரண்டாம் காலம் போனபோதும் சொல்லுக்கு நடுவே மூச்சு விழவில்லை.’

முதல் வரைவு: ‘துரித கால சுரங்களில் விரல்கள் மின்னலாய்ப் பறந்தன.’

இதைத் திருத்துவதைவிட அடித்துவிடுவது மேல். வேகம் பயிற்சியால் வருவது, எல்லோருக்கும் உண்டு. அந்த வேகத்திலும் ராகத்தின் முகம் மாறாமல் இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். பைரவியில் வேகமாகப் போகும்போது இரு தைவதங்களும் தத்தம் இடத்தில் வந்தனவா? ஏறும்போது சதுச்ருதி, இறங்கும்போது சுத்தம் என்ற வித்தியாசம் கேட்டதா? கேட்டது என்றால் அதுதான் செய்தி.

பரம்பரையைச் சொல்லிப் பாராட்டும்போது கவனம் தேவை. குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. அவர் வழியில் வந்தவர் பல்லடம் சஞ்சீவ ராவ். பின்னால் வந்த டி. ஆர். மகாலிங்கம், ‘மாலி’, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலுக்குள் கொண்டுவந்து விரலையும் உதட்டையும் பயன்படுத்தும் முறையையே மாற்றினார். அவருடைய சீடர் என். ரமணி. இன்னொரு பக்கம் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, நாகசுர மரபில் பிறந்தவர்; அவரிடம் கற்ற டி. விசுவநாதன் கச்சேரியில் குழலை வைத்துவிட்டு அவரே பாடவும் செய்வார். இவ்வளவு வேறுபட்ட வழிகள் இருக்கும்போது மேடையில் குழலைப் பார்த்ததுமே ‘மாலி பாணி’ என்று முத்திரை குத்துவது சோம்பல். எந்தப் பிடியில் (ராகச் சொற்றொடரில்) அந்தச் சாயலைக் கேட்டீர்கள் என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் குருவின் பெயரை மட்டும் தந்துவிட்டு நகருங்கள். குருவோடு ஒப்பிட்டுச் சீடரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இருவருக்குமே மரியாதையில்லை.

பக்கவாத்தியம்

குழல் கச்சேரியில் வயலினுக்குத் தனிச் சங்கடம் உண்டு. குழல்காரர் மூச்செடுக்கும் இடைவெளியை அவர்தான் தாங்க வேண்டும், ஆனால் குழலின் கீழ்ச் சுரங்களை மூடிவிடக் கூடாது. மந்தர பஞ்சமத்தில் குழலின் ஒலி மெலிந்தது. அப்போது வில்லை அடக்கி, சரணத்தின் தார ஸ்தாயியில் மட்டும் திறந்து வாசித்த வயலின்காரருக்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள். மிருதங்கத்திலும் அப்படியே: ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும்போது தொப்பியை (தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தை) மிதமாக வைத்துக்கொண்டாரா, சவுக்க காலத்தில் (மெதுவான நடையில்) இடம் விட்டாரா? தனி ஆவர்த்தனத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதிவிட்டு, மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் தாங்கிப் பிடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. துக்கடாக்களில் (கடைசியில் வரும் சிறு உருப்படிகளில்) மத்திம சுருதிக்கு மாறினாலோ வேறு குழலை எடுத்தாலோ மிருதங்கமும் சுருதி மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாற்றம் தடுமாற்றம் இல்லாமல் நடந்தால் அதைக் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

குறையைச் சொல்ல வேண்டுமா?

வேண்டும், ஒன்றே ஒன்று. குறையே இல்லாத பாராட்டை உறவினர் எழுதியது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் குறையும் இடம் சுட்டியதாக இருக்கட்டும்: ‘ராகம் தானம் பல்லவியில் தானம் நான்கு நிமிடத்தில் முடிந்தது, அந்தக் கல்யாணி இன்னும் தாங்கியிருக்கும்.’ கலைஞருக்கு உதவும், புண்படுத்தாது. ‘சுருதி விலகியது’ என்பது ஒரு வித்வானைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கனமான வாக்கியம். குளிர், மைக், தம்புரா சரியாக வைக்கப்படாதது, எல்லாவற்றையும் கழித்த பிறகும் நிற்கிறது என்றால் மட்டுமே எழுதுங்கள், எந்த உருப்படியில் என்பதையும் சேர்த்து. குறையைக் கடைசிப் பத்தியில் வைக்காதீர்கள். படித்தவர் மனதில் அதுவே தங்கிவிடும். நடுவில் வையுங்கள்.

அனுப்புவதற்கு முன்

பெயர்களைச் சரிபாருங்கள், முதலெழுத்தோடு. குழல் மேதை டி. ஆர். மகாலிங்கமும் திரைப்பட நடிகர், பாடகர் டி. ஆர். மகாலிங்கமும் வேறு வேறு ஆட்கள். முதலெழுத்து ஒன்றே என்பதால் ஒருவர் படத்தை மற்றவர் செய்திக்குப் போடும் பிழை எளிதில் நிகழும். பட்டங்களும் அப்படித்தான். குழல் கலைஞர்களில் சங்கீத கலாநிதி பெற்றவர்கள் என்று எழுதும்போது வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்: சஞ்சீவ ராவ் 1943, சுவாமிநாத பிள்ளை 1953, விசுவநாதன் 1988, ரமணி 1996, சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா 2002. பெறாத பட்டத்தைக் கொடுப்பது பாராட்டாகாது, அந்தக் கலைஞருக்குத்தான் தர்மசங்கடம்.

பிறகு ஒவ்வொரு பாடலுக்கும் ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ‘தெய்வீகம்’, ‘மெய்மறந்தனர்’, ‘கரகோஷம்’, ‘கட்டிப்போட்டார்’ ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நோட்டிலிருந்து ஒரு வரியை வையுங்கள். வைக்க வரி இல்லை என்றால் அந்தப் பத்தியே தேவையில்லை. கச்சேரிக்கு மறுநாள் காலைக்குள் எழுதி முடித்துவிடுங்கள். இரண்டு நாள் போனால் காந்தாரத்தின் அசைவு காதிலிருந்து போய்விடும், ‘அருமை’ மட்டும்தான் மிஞ்சும்.